வாசல் மரம் வாடினால்

வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போனால் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு பூச்சிமருந்து, ஒரு பூஞ்சைக்கொல்லி, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு டானிக். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் முன்னால் இருப்பது ஒரு இலைதானே. ஆனால் பூவுக்காகவும் நிழலுக்காகவும் அழகுக்காகவும் வீட்டில் வளர்க்கும் மரங்கள் நலிவடையும்போது, பூச்சியும் பூஞ்சையும் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்தவை. அவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்ட காரணம் மரத்தின் காலடியில் கிடக்கும். அதுவும் இந்த ஆண்டுச் சங்கதியாக இருக்காது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாமே செய்து மறந்துவிட்ட ஒரு வேலையாக இருக்கும்.

ஒரு செண்பக மரத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் குடியிருப்புகள் எதிலும் காணக்கூடியதுதான். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு எழுப்புகிறார்கள். வாசலில் நிற்கும் இருபது வயதுச் செண்பகத்தை வெட்ட மனம் வராமல் விட்டுவைக்கிறார்கள். கிரகப்பிரவேசத்தன்று மரம் நன்றாகவே இருக்கிறது, பந்தலுக்கு வந்தவர்கள் பூவைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த ஆண்டு இலைகள் சற்றுச் சிறுத்து, பூ குறைகிறது. அதற்கடுத்த ஆண்டு தளிர்கள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. மூன்றாம் ஆண்டு உச்சிக் கிளைகள் மொட்டையாக நிற்கும்போதுதான் யாரோ உரக்கடைக்குக் கிளம்புகிறார்கள்.

இவ்வளவு தாமதம் ஏன்? மரம் அன்றாடம் சமைப்பதை அன்றாடம் தின்று தீர்ப்பதில்லை. இலையில் தயாராகும் சர்க்கரையில் ஒரு பங்கை மாவுச்சத்தாக்கி, வேரிலும் அடிமரத்தின் உயிருள்ள திசுக்களிலும் சேர்த்து வைக்கிறது. வேரில் பாதியை வெட்டினாலும் அந்தக் கையிருப்பை வைத்து ஓரிரு முறை தளிர்த்துவிடும். கையிருப்பு கரைந்த பிறகே நோய் வெளியே தெரியும். அதனால் மரத்தை நாடி பார்க்க வருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இலையில் என்ன இருக்கிறது?” என்பதல்ல. “கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் இந்த இடத்தில் என்னென்ன வேலை நடந்தது?” என்பதுதான். சம்ப் தோண்டினீர்களா, குழாய் பதித்தீர்களா, மண் நிரப்பினீர்களா, டைல்ஸ் போட்டீர்களா, செங்கல்லையும் சிமெண்டையும் எங்கே குவித்து வைத்திருந்தீர்கள்?

அதற்கும் முன்னால், மரத்துக்கு உண்மையிலேயே நோய்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. குல்மோகரும் சரக்கொன்றையும் பனிக்காலம் முடிந்து வெயில் ஏறும்போது இலையுதிர்ப்பவை. ஈழத்தலரியும் மாசி, பங்குனியில் வெறும் கொம்பாக நிற்கும். புதிதாக வீடு வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈழத்தலரிக்கு அதைவிடக் கெடுதலான காரியம் வேறில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, மடக்கினால் படீரென்று முறிந்தால் செத்துவிட்டது. நுனியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்தால் சாவு எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். செண்பகம் பசுமைமாறா மரம். அது மொட்டையாக நின்றால் பருவத்தின் மேல் பழிபோட முடியாது.

இனி இலைக்கு வரலாம். எந்த இலை முதலில் மஞ்சளானது என்பது மஞ்சளைவிட முக்கியம். தழைச்சத்தும் மக்னீசியமும் மரத்துக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் மரம் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவித் தளிருக்கு அனுப்பிவிடும், ஆகவே அடியிலிருக்கும் பழைய இலைகள் முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி நகராது. ஒரு இலையில் போய்ச் சேர்ந்த இரும்பு அங்கேயே தங்கிவிடும். அது கிடைக்காமல் போனால் அடிபடுவது புதுத் தளிர். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தளிர் வந்தால், மோசமான நிலையில் வெள்ளையாகவே வந்தால், அது இரும்புப் பசி. இலையின் ஓரமும் நுனியும் மட்டும் தீய்ந்ததுபோல் கருகினால் வேறு கதை. கடலோரப் பகுதிகளில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சும் தோட்டங்களில் இதை நிறையப் பார்க்கலாம். இலை நீரை ஆவியாக்கிவிடும், உப்பு ஓரத்தில் தங்கிச் சுடும்.

நம் செண்பகத்துக்கு இரும்புப் பசி. ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விட்டதா? செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். இடித்த வீட்டின் சுண்ணாம்புக் காரையும் கான்கிரீட் சில்லுகளும் அங்கேயே நிரவப்பட்டிருக்கின்றன. கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர் மரத்தடிக்குத்தான் போனது. சிமெண்ட் கலந்த நீரின் பி.எச். அளவு 12-க்கும் மேல். செண்பகமோ ஈர மலைக்காடுகளின் மரம், சற்றே அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணில் பழகியது. மண்ணின் பி.எச். ஒரு புள்ளி கூடினால் மண்நீரில் கரைந்திருக்கும் ஃபெரிக் அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. இரும்பு மண்ணிலேயே இருக்கிறது, துருவாக. மரத்தால் அதைக் குடிக்க முடியவில்லை.

இதற்கு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும் பொருள் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தளிர்மேல் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும். நோயை உறுதி செய்துகொள்ளவும் இது நல்ல வழி. ஒரே ஒரு கிளையில் தெளித்துப் பாருங்கள், அந்தக் கிளை மட்டும் பச்சையானால் கணிப்பு சரி. ஆனால் அடுத்த தளிர் மறுபடியும் மஞ்சளாகவே வரும், ஏனென்றால் மண் மாறவில்லை. மண்ணில் இடுவதற்கு இரும்புச் சீலேட் வாங்குபவர்கள் உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை காரமான மண்ணில் நிலைக்காது. ஈ.டி.டி.எச்.ஏ. வகை நிலைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். எதை இட்டாலும் காரைச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்து, மேல்மண்ணை மாற்றி, தொழு உரம் சேர்க்காமல் முடியாது. ஒரு பிடி மண்ணில் வினிகரை ஊற்றி, நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று கொள்ளலாம். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது.

இரும்புப் பசி ஒரு முனை. உச்சி காய்வதற்கு இன்னும் கீழே போக வேண்டும்.

மரத்தைச் சுற்றி வந்து அடிமரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான மரம் அந்த இடத்தில் விரிந்து, பெரிய வேர்கள் பிரிவது கண்ணுக்குத் தெரியும். நட்டு வைத்த கம்பம் போல் நேராக மண்ணுக்குள் போனால், அதன் கழுத்து வரை யாரோ மண்ணைப் போட்டிருக்கிறார்கள். சென்னையில் இது கிட்டத்தட்ட ஊர் வழக்கம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவார்கள், தெரு உயரும், மழைநீர் உள்ளே வரும், வீட்டுக்காரர் தெரு உயரத்துக்கு ஒரு லாரி கிராவலை இறக்கி வாசலை மேடாக்குவார். வேர்களுக்கு மேல் ஓர் அடி மண் ஏறியது மரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

வேரைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படம் பெரும்பாலும் தவறானது. மேலே இருக்கும் கிளைப்பரப்பு தலைகீழாக மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருப்பதாகப் பள்ளிப் புத்தகப் படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. உண்மையில் வேர்த்தொகுதியின் பெரும்பகுதி மேல் இரண்டு அடிக்குள் கிடக்கிறது. பக்கவாட்டிலோ கிளை நுனியையும் தாண்டி வெகுதூரம் ஓடுகிறது. காரணம் எளிது: வேரும் மூச்சு விட வேண்டும். காற்று மண்ணின் மேலடுக்கில்தான் தாராளமாகக் கிடைக்கும். மண் துகள்களின் இடைவெளியில் காற்றுக்குப் பதில் நீர் நின்றுவிட்டால், ஆக்ஸிஜன் அதனூடாகப் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கிராவலைக் கொட்டி லாரி ஏற்றி இறுக்கினாலும், டைல்ஸால் மூடினாலும், தினமும் தண்ணீர் தேக்கினாலும் முடிவு ஒன்றுதான். நுனிவேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரால் நீர் உறிஞ்ச முடியாது, இலை வாடும். வாடிய இலையைப் பார்த்தவர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார். வெள்ளத்தில் நிற்கும் மரமும் வறட்சியில் நிற்கும் மரமும் மேலே பார்க்க ஒன்றுபோலவே இருப்பதுதான் இதில் பெரிய பொறி.

பிரித்தறிய ஒரு கடப்பாரை போதும். அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். மண் உதிரியாக, மண்வாசனையோடு, நுனிவேர்கள் வெளிர்நிறமாக இருந்தால் நல்லது. சாக்கடை நாற்றம் வீசி, வேர் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தால் அங்கே ஆக்ஸிஜன் இல்லை. பிறகு குழியை நீரால் நிரப்பிவிட்டுப் போங்கள். மறுநாளும் நீர் நின்றால் மருந்து வாங்கும் பணத்தை வடிகால் எடுப்பதற்குச் செலவிடுவது மேல்.

சிகிச்சையும் இதே இடத்தில்தான் தொடங்க வேண்டும். கழுத்தை மூடிய மண்ணைக் கையாலும் சிறு கரண்டியாலும் அகற்றி, வேர் பிரியும் இடம் வெளியே தெரியும்படி செய்யுங்கள். மண்வெட்டி வேண்டாம், பட்டையில் பட்டால் புதுக் காயம். அடிமரத்தை இறுக்கிச் சுற்றியிருக்கும் கம்பி, சீரியல் விளக்கு ஒயர், பழைய இரும்புக் கூண்டு எதையும் விட்டுவைக்காதீர்கள். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. கம்பி அதை நெரித்தால் கம்பிக்கு மேலே மரம் புடைத்துக்கொள்ளும், கீழே வேர் பட்டினி கிடக்கும். டைல்ஸைப் பொறுத்தவரை, 2013-ல் டெல்லி மரங்களைப் பற்றிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கச் சொன்னது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்சம். வீட்டு வாசலில் அதைவிடத் தாராளமாக விட யாரும் தடை சொல்லப் போவதில்லை, கார் நிறுத்தும் இடம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இறுகிப்போன மண்ணுக்கு, அடிமரத்திலிருந்து சில அடி தள்ளித் தொடங்கி, சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வெளிநோக்கி நான்கைந்து சிறு வாய்க்கால்கள் எடுக்கலாம். பெரிய வேர்கள் எதிர்ப்பட்டால் விலகிப் போக வேண்டும். அவற்றில் மக்கிய உரமும் மண்ணும் கலந்து நிரப்பினால் புது வேர்கள் முதலில் அங்கேதான் ஓடும். மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு, ஆனால் அடிமரத்தைத் தொடாமல். தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நுனி நிழல் விழும் வட்டத்தில் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி பாய்ச்சுங்கள். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த முறை. யூரியாவை அலமாரியிலேயே வைத்துவிடலாம். வேர் பாதியாகிவிட்ட மரத்தை இலைவிடச் சொல்லித் துரத்துவது, இருக்கும் சொற்ப வேருக்குத் தாங்க முடியாத வேலையைக் கொடுப்பது.

கட்டட வேலையில் இன்னொன்றும் நடந்திருக்கும். சாரம் கட்ட இடைஞ்சலாக இருந்த கிளைகளைக் கொத்தனாரே வெட்டியிருப்பார். லாரி உரசிப் பட்டை பெயர்ந்திருக்கும். அந்தக் காயங்களில் தார் பூசியிருப்பார்கள், பொந்தில் சிமெண்ட் அடைத்திருப்பார்கள். உலகம் முழுக்கவே மர வைத்தியர்கள் நீண்ட காலம் இதைத்தான் செய்துவந்தார்கள், அலெக்ஸ் ஷைகோ வரும்வரை.

ஷைகோ 1959-ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்த தாவர நோயியலாளர். ஒரே ஆள் தூக்கக்கூடிய சங்கிலி ரம்பம் அப்போதுதான் பரவலாகி வந்தது. மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், அவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, உள்ளே அழுகல் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தார். 1977-ல் வெளியான அவருடைய விளக்கம் மர வைத்தியத்தையே மாற்றிவிட்டது. நம் தோலில் பட்ட காயத்தில் புதுத் திசு வளர்ந்து பழைய இடத்தை நிரப்புகிறது. மரத்தால் அது முடியாது. கெட்டுப்போன திசுவை அது ஒருபோதும் சரிசெய்வதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, புது வளையங்களை வெளியே வளர்த்துக்கொண்டு போகிறது. மேலும் கீழும் அழுகலைத் தடுக்கும் சுவர் பலவீனமானது, அதனால்தான் அழுகல் நெடுக்காக ஓடுகிறது. உள்நோக்கியும் பக்கவாட்டிலும் தடுப்பவை சற்றுப் பலமானவை. காயம் பட்ட பிறகு புதிதாக உருவாகும் நான்காவது சுவர்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. உள்ளே பொந்தாகியும் மரம் பல தலைமுறை தழைத்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் தாரும் பெயிண்டும் எவ்வளவு வீண் என்று தெரியும். மேலே பூசியது உள்ளே ஓடும் அழுகலைத் தடுப்பதில்லை, ஈரத்தைப் பிடித்துவைத்து அதற்கு வசதி செய்துகொடுக்கவும் கூடும். பொந்தைச் சுத்தம் செய்கிறேன் என்று உளியால் சுரண்டுபவர் மரம் கட்டிய சுவரையே உடைக்கிறார். சிமெண்ட் காற்றில் மரத்தோடு சேர்ந்து அசையாது, உராய்ந்து புதுக் காயம் உண்டாக்கும். மயில்துத்தமும் சுட்ட சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை கொஞ்சம் வேறு. ஒரு லிட்டர் நீருக்கு ஒவ்வொன்றிலும் 100 கிராம் என்ற கணக்கில் தயாரித்துப் பூசினால், மழைக்காலத்தில் வெட்டுவாயின் மேல் வந்து விழும் பூஞ்சை வித்துகளையும், அடிமரத்தில் பிசின் வடியும் அழுகலையும் ஓரளவு கட்டுப்படுத்தும். ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டதை அதுவும் தொடாது. பூசுவதைவிடச் சரியான இடத்தில் வெட்டுவதில்தான் பலன் இருக்கிறது. கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு வளையம் தெரியும். அதற்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும். புடைப்பையும் சேர்த்து வழவழவென்று சீவினாலும் கெடுதல், ஒரு முழம் கட்டையாக விட்டாலும் கெடுதல்.

பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளைக் கவையில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையாகத் தொங்கினால் அது பட்டைதின்னும் புழு. அதைத் துடைத்துவிட்டு, துளைக்குள் கம்பியைச் செலுத்திப் புழுவைக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூசினால் போதும். இலைமேல் கரிபூசியதுபோல் இருந்தால் அண்ணாந்து பாருங்கள், மேலே வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ தேனொழுக்கிக்கொண்டிருக்கும். 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ அப்படித்தான் கண்ணில் பட்டது. கரியின் மேல் மைதாப் பசையைத் தெளித்தால் காய்ந்து செதிலாக உதிரும்.

மருந்தடிக்கத் துடிப்பவர்களுக்கு மாவுப்பூச்சியின் கதை ஒன்று இருக்கிறது. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, வீட்டுச் செம்பருத்தியையும் ஈழத்தலரியையும் வெள்ளை அப்பினாற்போல் ஆக்கியது. அடித்த மருந்தெல்லாம் மெழுகுப் பூச்சின்மேல் வழிந்தோடியது, பூச்சியின் எதிரிகளைத்தான் கொன்றது. 2010-ல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, வளர்த்து விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிப்போனது. அந்தக் குளவி விடப்பட்ட தோட்டங்களில் விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட முக்கியமான அறிவுரை, பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்பது.

காப்பாற்றக்கூடாத மரமும் உண்டு. மழைக்குப் பிறகு அடிமரத்திலோ அதையொட்டிய வேரிலோ, வார்னிஷ் அடித்த மரத்தட்டு போல் செம்பழுப்புக் காளான் முளைத்தால் அது கேனோடெர்மா. வெளியே தெரிவது வித்து பரப்பும் உறுப்பு மட்டுமே. அது தெரிவதற்குள் தாங்கும் வேர்கள் உள்ளே பஞ்சாகியிருக்கும். காளானைப் பிய்த்தெறிவதால் எதுவும் ஆகாது. குல்மோகருக்கு இது அடிக்கடி வரும். அதன் கட்டை மென்மையானது, வேரும் மேலாக ஓடுவது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை ஊர் மறக்கவில்லை. வேரை வெட்டி, அடியைச் சிமெண்டால் மூடிய தெரு மரங்களுக்குப் பிடிப்பதற்கு என்ன இருந்தது? அடிமரத்தை மரச்சுத்தியலால் தட்டினால் வெற்றுப்பானை ஓசை வருகிறது, மரம் புதிதாக ஒரு பக்கம் சாய்கிறது, எதிர்ப்பக்கத்து மண் வெடித்து மேலெழுகிறது என்றால், பாசத்தை ஒதுக்கிவிட்டு ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

நம் செண்பகத்துக்கு அந்த நிலை இல்லை. மண்ணை இறக்கி, சில்லு பொறுக்கி, மூடாக்கு போட்டு, காய்ந்த உச்சிகளை மட்டும் கழித்தாகிவிட்டது. பச்சை உள்ள கிளை ஒன்றையும் தொடவில்லை, மரத்துக்கு இப்போது ஒவ்வொரு இலையும் தேவை. அடுத்த மாதமே பலன் தெரியவில்லையே என்று வேறு மருந்து தேட வேண்டாம். மஞ்சளாகி முதிர்ந்த இலைகளும் பழைய பச்சைக்குத் திரும்பாது, அவற்றைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. எட்டும் உயரத்தில் நான்கு திசையிலும் நான்கு கிளைகளைத் தேர்ந்து, தை மாதத்தில் ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு பெயிண்ட் பொட்டு வையுங்கள். அடுத்த தையில் பொட்டுக்கு அப்பால் கிளை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அளந்து எழுதிவைத்து, அதற்கடுத்த தையின் அளவோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடிக்கொண்டே வந்தால் வேர் தேறிவருகிறது. ஒரு திசைக் கிளை மட்டும் நின்றுபோயிருந்தால், அந்தப் பக்கத்து டைல்ஸைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்.